தினமும் திரும்பி வந்த காபி

மாட்டுங்காவில் நான் வேலை பார்த்த காபிக் கடையில் இப்போது மேஜைக்கு மேஜை ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். போனை அதன் மேல் காட்டினால் ஐந்து நட்சத்திரம் வருமாம். காபி பிடித்தால் ஐந்தையும் அமுக்கலாம், பிடிக்காவிட்டால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முதலாளியின் மகள் காயத்ரிதான் இப்போது கடையை நடத்துகிறாள். போன வாரம் காபி குடிக்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டாள். "துரை அண்ணா, கஸ்டமர் எக்ஸ்பீரியன்ஸ் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்கோ. ஸ்டாஃப் ட்ரெய்னிங்குக்கு வேணும்" என்றாள்.

"நான் தமிழ்லதான் எழுதுவேன். உனக்கு வாசிக்கத் தெரியுமா தாயி?" என்றேன்.

"அப்பா வாசிச்சுச் சொல்லுவா. நீங்க பிந்தாஸ், பயப்படாம எழுதுங்கோ."

அப்பா வாசிப்பார் என்றால் கொஞ்சம் அடக்கித்தான் எழுத வேண்டும். முழங்கால் வலி வந்து வீட்டோடு இருக்கிறாரே தவிர, என் முதலாளிக்குக் கண்ணும் மூக்கும் இன்னும் முன்பு போலத்தான். ஊரில் எல்லாரும் அவரை விச்சு மாமா என்பார்கள். எனக்கு முப்பத்தாறு வருஷமும் அவர் முதலாளி.

தாராவியில் இருந்து நடந்து வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னைத் திருப்பி அனுப்பியவர் அவர். நானோ முகத்துக்குப் பவுடர், தலைக்கு வாசனை எண்ணெய் என்று மாப்பிள்ளை மாதிரி போயிருந்தேன். என் அருகில் வந்து இரண்டு தடவை மூச்சை இழுத்தார். "குளிச்சுட்டு வா" என்றார். "குளிச்சுட்டுத்தான் வாரேன் முதலாளி" என்றேன். "இன்னொரு தடவை குளி. சோப்பு வேண்டாம்" என்றார். அவமானத்தில் காது சுட்டது. வீட்டுக்குப் போய் எங்கள் அம்மாவிடம் அந்த ஆளை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, மறுபடியும் குளித்துவிட்டுப் போனேன்.

அந்தக் கடையில் காபியைத் தவிர வேறு எந்த வாசனைக்கும் இடம் கிடையாது. சாமி படத்துக்கு எண்ணெய் விளக்கு உண்டு, ஊதுபத்தி இல்லை. பூ வைத்தால் செம்பருத்தி அல்லது அரளி. மல்லிகைப்பூ வாசலோடு சரி. விடியற்காலையில் முதல் டிகாக்ஷன் இறங்கியதும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட வேண்டும். முதலாளி பாத்திரத்தின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் ஷட்டரைத் தூக்குவோம். தலை ஆடாவிட்டால் அத்தனையும் சாக்கடைக்குப் போகும். டம்ளர் கழுவ ஒரு வருஷம், கொட்டை வறுக்க மூன்று வருஷம், அப்புறம் காபி கலக்கும் மேடை என்று என் படிப்பு முடிந்தது.

மேடைக்கு வந்த பிறகு இரண்டு சட்டங்கள். முதலாவது, தினமும் வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கக் கூடாது. அவர் ரோட்டைக் கடக்கும்போதே அவருடைய காபி தயாராக வேண்டும். எங்களுக்குள் வாடிக்கையாளர்களின் பெயரே அவர்கள் குடிக்கும் காபிதான். அரைச் சர்க்கரை சார், நுரை வேண்டாத வக்கீல் என்று கூப்பிடுவோம். இதில் ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டேன். ஸ்ட்ராங் டபுள் என்று ஒரு பேங்க் பையன், ஒரு நாளைக்கு மூன்று காபி குடிக்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வயதான ஒரு தம்பதியோடு வந்தான். நான் வழக்கம்போல அவன் படியேறும் முன்பே டபராவை எடுத்து வைத்து, "வாங்க, உங்களுது ரெடி" என்றேன். பையன் கண்ணால் என்னென்னவோ ஜாடை காட்டினான். வந்தவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள். காபி டீ எந்தப் பழக்கமும் இல்லாத பிள்ளை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருந்தானாம். பெண்ணின் அப்பா அந்த டபராவையும் பையனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேக்காமலேயே காபி வைக்கறான்னா, சொன்ன நேரத்துக்கு வர பிள்ளையாத்தான் இருக்கணும்." கல்யாணம் நடந்தது. இப்போது வாஷியில் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் வந்தால் இரண்டு ஸ்ட்ராங் டபுள்.

இரண்டாவது சட்டம் திரும்பி வரும் காபிக்கு. ஒருவர் நன்றாக இல்லை என்று தள்ளிவிட்டால் ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது. கலந்தவனே அதில் ஒரு வாய் தன் டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்துவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். அந்த இரண்டாவது காபியை முதலாளியே கையில் கொண்டுபோய் வைப்பார்.

இந்தச் சட்டம்தான் விசாலம் மாமியிடம் என்னைப் படாத பாடு படுத்தியது.

கொரோனாவெல்லாம் ஓய்ந்து ஜனங்கள் அதை மறந்தே போய்விட்ட சமயம் அது. விசாலம் மாமி மாட்டுங்காவில் பெயர் பெற்ற சமையல்காரி. பாலக்காட்டுப் பக்கம் பூர்வீகம். தினமும் நாற்பது பேருக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புவார். சீமந்தம், கிருஹப்பிரவேசம் என்றால் ஆளை வைத்துக்கொண்டு பந்தியையே நடத்திவிடுவார். அவருடைய ரசத்துக்காகவே தொலைவில் இருக்கும் முலுண்டில் இருந்து கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒரே பெண்ணை டோம்பிவிலியில் கட்டிக்கொடுத்துவிட்டு ஓர் அறையில் தனியாக இருந்தார்.

அதுவரை எங்கள் கடைக்கு எப்போதாவது வந்தவர், திடீரென்று தினமும் காலையில் வர ஆரம்பித்தார். காய்கறிப் பையைக் கீழே வைப்பார். காபியை எடுத்து மூக்கருகே வெகுநேரம் வைத்திருப்பார். பிறகு உதட்டில் கூடப் படாமல் தள்ளிவிடுவார்.

"காபியா இது? சிக்கரித் தண்ணி."

நான் குடித்துப் பார்ப்பேன். அருமையாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு இன்னொன்று கலப்பேன். முதலாளி கொண்டுபோய் வைப்பார். அதையும் மூக்கருகே வைத்துப் பார்ப்பார். அப்புறம் மருந்து மாதிரி மடக்கென்று குடித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுவார். மறுநாள் "டிகாக்ஷன் பழசு" என்பார். அதற்கு அடுத்த நாள் "கொட்டை சரியா வறுபடலை." ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இரண்டு மாதம். வறுவல் என் கையால் ஆனது. எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "மாமி, வேற கடையில குடிச்சுப் பாருங்களேன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கோபம் வந்தால்தான் குரலைத் தாழ்த்துவார். "துரை, காபி பிடிக்கலைன்னா மறுநாள் வரமாட்டா. ரெண்டு மாசமா நன்னால்லைன்னு சொல்லிண்டே ஒருத்தர் வரான்னா, எதுக்கு வரான்னுதானே நீ யோசிச்சிருக்கணும்?" என்றார். எனக்கு அப்போது அது ஏறவில்லை. மாமிக்குப் பரிந்துகொண்டு பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமி மறுபடி வந்தார். கூட முலுண்டைச் சேர்ந்த ஒருவர். அவருடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், இருநூற்றைம்பது பேருக்குச் சமையல். அதைப் பேசி முடிக்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

அன்றைக்குத் தப்பு செய்தவன் நான். சிலிண்டர்காரனோடு வாய் வளர்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் இருந்த பால் அடிப்பிடித்துவிட்டது. அடிப்பிடித்த பாலை அப்படியே கொட்ட வேண்டும், அதுதான் கடை வழக்கம். ஆனால் கூட்டம் நடைபாதை வரைக்கும் நின்றது. அடுத்த கேன் இன்னும் வரவில்லை. மேலாக மொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்து, மேலாக மொண்டு ஐந்தாறு காபி கலந்து வைத்துவிட்டேன்.

முதலில் குடித்தது மாமிதான். அன்று மூக்கருகே வைத்துப் பார்க்கவில்லை. இரண்டு வாய் குடித்துவிட்டு, "பேஷ்! இன்னைக்குக் காபி பிரமாதம்" என்றார்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குள் பக்கத்தில் நின்ற முலுண்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைக் கோணினார். "என்ன மாமி சொல்றேள்? தீஞ்ச நாத்தம் அடிக்கறதே!" பின்னால் நின்ற இரண்டு பேரும் டம்ளரைத் தள்ளினார்கள். முலுண்டுக்காரர் மாமியை உற்றுப் பார்த்தார். "நெஜமாவே உங்களுக்குத் தெரியலையா?"

மாமியின் முகத்தில் ரத்தமே இல்லை.

வறுக்கும் இடத்தில் இருந்து முதலாளி வந்தார். முலுண்டுக்காரரின் டம்ளரை எடுத்து முகர்ந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மாமியின் டம்ளரை எடுத்து, முகராமலேயே தொட்டியில் கொட்டினார். "மாமிக்கு வந்தது முதல் பால். உங்களுக்கு வந்தது அடிப்பிடிச்ச பால். தப்பு எங்க பேர்ல. துரை, மிச்சத்தையும் கொட்டு" என்றார்.

இரண்டு டம்ளரிலும் இருந்தது ஒரே பால்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காபி விஷயத்தில் அந்த மனுஷன் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அதுதான். முலுண்டுக்காரர் சமாதானமாகி, அடுத்த கேன் வந்ததும் நல்ல பாலில் கலந்த காபியைக் குடித்து, ஆர்டரை உறுதி செய்துவிட்டுப் போனார். பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே யோசித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அந்த இரண்டு மாதமும் மாமி என் காபியில் குறை கண்டுபிடிக்கவில்லை. வாசனையைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவரை வேறு கடைக்குப் போகச் சொன்ன என் வாயை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

மாமி பின்பக்கம் கொட்டை மூட்டை மேல் உட்கார்ந்து அழுதார்.

"நாலு மாசமாச்சு. ஒரு ஜுரம் வந்துது, அதோட போச்சு. ஆத்துல காபி போட்டேன், வாசனை வல்லை. என் பொடிதான் சரியில்லைன்னு ரெண்டு மாசம் மாத்தி மாத்திப் பாத்துட்டு இங்க வந்தேன். இங்கேயும் வல்லைன்னதும் உங்க மேல பழி போட்டேன். என் மூக்கு மேல பழி போட்டா அப்பறம் நான் எப்படி அடுப்பு முன்னாடி போய் நிப்பேன்?"

"நாலு மாசமா எப்படிச் சமைக்கறேள்?" என்று முதலாளி கேட்டார்.

"உப்பு, புளி, காரம் நாக்குல தெரியறது. அளவு கைல இருக்கு. எப்போ வறுபட்டுது, எப்போ கருகித்துன்னுதான் தெரியலை. நாப்பது பேருக்குச் சமாளிச்சுட்டேன். இந்தக் கல்யாணத்தை எப்படிப் பண்ணுவேன்? முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பா. விஷயம் தெரிஞ்சா மாட்டுங்காவுல ஒருத்தர் என்னைக் கூப்பிட மாட்டா. பொண்ணாத்துல போய் உக்காந்துண்டு சாப்பிடணும், அவ்வளவுதான்."

முதலாளி என் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "துரையை அழைச்சுண்டு போங்கோ" என்றார்.

"எனக்குச் சமையலே தெரியாதே முதலாளி!"

"சமையலை அவா பாத்துப்பா. நீ மோந்து பாரு, போறும்."

அறுபதாம் கல்யாணத்தன்று விடியற்காலை மண்டபத்தின் சமையல்கட்டு வாசலில் போய் நின்றேன். மாமியிடம் வெகுகாலமாக வேலை பார்த்த உதவிச் சமையல்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார். நான் யார், எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டுவிட்டு, "வெளியாள் உள்ள வரப்படாது. பரிமாறற எடத்துல இரும்" என்றார். அவர் எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. திரும்பிவிடலாம் என்றுதான் காலை எடுத்தேன். மாமி கரண்டியோடு வாசலுக்கு வந்தார்.

"அவர் என் மூக்கு. மூக்கை வெளில வெச்சுட்டு நான் எப்படிச் சமைக்கறது? உள்ள வாங்கோ செல்லத்துரை."

என் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், உள்ளே போனேன். தனியா வறுபடும்போது வாணலிப் பக்கம் குனிந்து நின்றேன். சமையல் தெரியாதே தவிர, வறுவல் எனக்குத் தெரிந்த வேலை. கொட்டையோ தனியாவோ, பச்சை வாசனை போய் நல்ல வாசனை எழும்பி, அது கருகலாகத் திரும்பப் போகும் சமயம் ஒன்று இருக்கிறது. அதைத் தவறவிட்டால் போயிற்று. "இப்ப மாமி!" என்பேன். அவர் வாணலியை இறக்கிவிடுவார். ரசத்தில் "புளி இன்னும் பச்சையா அடிக்கி" என்றேன். இரண்டு கொதி கூட விட்டார். கடைசியில் பால் பாயசம். பெரிய உருளியில் பால் குறுகிக்கொண்டிருந்தது. உதவிக்காரர் கிண்டிக்கொண்டே இருந்தார். எனக்குத்தான் லேசாக ஏதோ தட்டியது.

"மாமி, அடி பிடிக்கப் போவுது, உடனே எறக்குங்க!"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் உதவிக்காரர்.

மாமி அவரைப் பார்க்கவே இல்லை. அடுப்பை அணைத்தார், அடியைச் சுரண்டாமல் மேல் பாலை வேறு பாத்திரத்துக்கு மாற்றச் சொன்னார். உருளியின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு ஏறியிருந்தது. பாயசத்தில் துளி நாற்றம் இல்லை. முலுண்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார். மாமி சமையல்கட்டுக் கதவின் பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தி முடிந்ததும் அந்த உதவிக்காரரே எனக்கு இலை போட்டார்.

அதன் பிறகு விசேஷ நாட்களில் நான் மாமியோடு போவேன். முதலாளி என் இடத்தில் நின்று காபி கலப்பார். ஆஸ்பத்திரிக்கும் போனோம். டாக்டர் மருந்து ஒன்றும் பெரிதாகத் தரவில்லை. அழுத்தமான நாலு வாசனையைத் தினமும் முகர்ந்து பார்க்க வேண்டும், மூக்கு மறுபடி கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளாமலும் போகலாம் என்றார். வேறு வாசனையே இல்லாத இடம் எங்கள் கடைதான். ஊதுபத்திக்கு இடம் தராத மனுஷன் காபிப்பொடி, கிராம்பு, எலுமிச்சைத் தோல், பச்சைக் கற்பூரம் என்று நாலு டப்பா வாங்கி வைத்தார். ஷட்டர் தூக்கும் முன்பு மாமி கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். ஒவ்வொன்றாகத் திறந்து நீட்டுவேன். "ஒண்ணும் இல்லை" என்பார். அடுத்ததைத் திறப்பேன். இப்படியே ஐந்து மாதம் ஓடியது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று, வாய்விட்டுச் சொல்லவில்லை. மாமி ஒரு நாள் கூட வராமல் இருந்ததில்லை.

ஒரு நாள் ஷட்டர் தூக்கும் நேரத்துக்கு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பெண்ணைப் பார்க்க டோம்பிவிலி போனவர், காலை முதல் வண்டியில் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். டப்பாக்களை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஷட்டரைத் தூக்கி நாலு பேர் உள்ளே வந்தும் விட்டார்கள். அப்போது மாமி கிட்டத்தட்ட ஓடி வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை.

"நேத்திக்கு ரயில்ல லேடீஸ் டப்பால ஏறினேன். எனக்கு எதிர்ல ஒரு மீன்காரி, காலிக் கூடையோட. எல்லாரும் முந்தானையால மூக்கைப் பொத்திண்டு அந்தப் பக்கம் நகர்ந்தா. எதுக்கு நகர்றான்னு நான் பாத்துண்டே இருந்தேன். காட்கோபர் தாண்டினதும் மெலிசா என்னமோ வந்துது."

"என்ன வந்துச்சு மாமி?"

"மீன் நாத்தம், செல்லத்துரை! மீன் நாத்தம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. பூண்டு கூட வீட்டுக்குள் வராத மாமி, மீன் நாற்றம் மீன் நாற்றம் என்று என் கையைப் பிடித்து உலுக்கினார். நான் எல்லார் முன்னாலும் அழுதேன். வெட்கமாகவே இல்லை. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நான் அழறதைப் பாத்துட்டு, தன்னாலதான்னு நெனச்சுண்டு அவ பாவம் கூடையைத் தள்ளி வெக்கப் பாத்தா. நகத்தாதேம்மான்னு கையைப் பிடிச்சுண்டேன்" என்றார் மாமி.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டார். "பொண்ணாத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தேள்?"

"எங்கே நேரத்துக்குச் சேர்ந்தேன்? டோம்பிவிலி வந்துது, எறங்க மனசு வல்லை. அந்தக் கூடை பக்கத்துலேயே உக்காந்துண்டு, அதையும் தாண்டி கல்யாண் வரைக்கும் போனேன்."